அத்தையின் கொள்ளுப்பாட்டி கிடைத்துவிட்டார்: உங்கள் எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கும் சொந்தங்களுக்கும்,

அத்தை, அதாவது என் மாமியார், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நன்றாகச் சாப்பிடுகிறார். நேற்று நாங்கள் தடுத்தும் கேட்காமல் தானே எழுந்து தேநீர் போட்டார். போன மாதம் என்ன நடந்தது என்பது இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அதை மறுபடி எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. நன்றி சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கண் விழித்த பிறகு அத்தை எங்களிடம் கேட்டது ஒன்றுதான். தன் பாட்டியின் அம்மா எங்கே போனாள் என்று கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா என்றார். என் கணவருக்கே அப்போதுதான் அந்தக் கதை முழுசாகத் தெரியும். பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடிப்போனவள் என்பதுதான் அந்தக் கொள்ளுப்பாட்டியைப் பற்றிக் குடும்பத்தில் வழிவழியாக வந்த பேச்சு. அத்தையின் பாட்டி 1950களில் சாகும்வரை தன் அம்மாவைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லையாம். படுக்கையில் கிடந்த நாட்களில் அத்தை அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது பீங்கான் ஊர். டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஆறு ஊர்கள் 1910ல் ஒன்றாகச் சேர்ந்தன. அத்தையின் வீட்டில் தலைமுறை தலைமுறையாக எல்லாரும் களிமண்ணிலும் சூளையிலும் உழைத்தவர்கள். சொத்து கிடையாது, உயில் கிடையாது. இப்படிப்பட்ட குடும்பத்தைப் பின்னோக்கித் தேடுவதென்றால் சர்ச் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு, இவற்றை விட்டால் சென்சஸ்தான். பத்து வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு குறிப்பிட்ட இரவில் அந்த வீட்டில் யார் படுத்திருந்தார்கள் என்பதை அது எழுதி வைத்திருக்கிறது. கூலிக்காரன், முதலாளி என்று பார்க்காமல் எல்லாரையும் எழுதியிருக்கிறது. அதற்காகவே எனக்கு அந்தப் பழைய ஏடுகள்மேல் மரியாதை வந்துவிட்டது.

மருத்துவமனையில் இரவு முறை போட்டு உட்கார்ந்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து சோறு போட்டவர்கள், எங்கள் வாசலில் சாம்பார் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு மணி அடிக்காமல் போனவர்கள், வார்டில் என்னை ஒரு நோயாளியின் மருமகளாக இல்லாமல் தங்கையாக நடத்திய நர்ஸ்கள் எல்லாருக்கும் என் நன்றி. தனித்தனியாகச் சொல்ல நேரில் வருவேன்.

தேடலில் கைகொடுத்தவர்களும் உண்டு. அத்தை பிறந்தது 1943ல். அவருக்கு முந்தைய 1931 சென்சஸ் 1942 டிசம்பரில் தீயில் எரிந்துவிட்டது. 1941ல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. ஆக 1921லிருந்துதான் பிடிக்க முடிந்தது. மான்செஸ்டர் மத்திய நூலகத்தில் அதைக் காசில்லாமல் பார்க்கலாம் என்று தெரிந்து, வேலை முடிந்த கையோடு அங்கே போய் உட்கார்ந்த தோழிக்கு நன்றி. அப்புறம் தஞ்சாவூரில் சித்தப்பா. பத்திரப் பதிவு அலுவலகத்தில் காலமெல்லாம் பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படித்துப் படியெடுத்தவர். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏடுகளை ராத்திரி உட்கார்ந்து படித்து, ஒவ்வொரு வரியாகக் குரல்பதிவில் சொல்லி அனுப்பினார். ஒரு முன்னோருக்கு 1841ல் 35 வயது, 1851ல் 49 வயது என்று இருந்ததைப் பார்த்து வேறு ஆள் என்று நாங்கள் ஒதுக்கப் பார்த்தோம். 1841ல் பதினைந்து தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, 'அது அதே ஆள்தான், விடாதே' என்றவர் அவர்தான். சித்தப்பா, உங்களுக்குக் காலில் விழுந்து நமஸ்காரம்.

கொள்ளுப்பாட்டியை 1871ல் பார்த்துவிட்டோம். டன்ஸ்டாலில் அப்பா அம்மாவோடு இருக்கிறார். 14 வயது, பீங்கானில் பூ வரையப் பழகுகிற பெண். 1881ல் பர்ஸ்லத்தில் கணவரோடு, இரண்டு வயதுக் குழந்தையோடு இருக்கிறார். அந்தக் குழந்தைதான் அத்தையின் பாட்டி. இப்போது வேலை மாறியிருக்கிறது. பூ வரைவதில்லை. சுட்ட பாத்திரங்களைப் பளபளப்புப் பூச்சுத் தொட்டியில் முக்கி எடுப்பவருக்கு உதவியாள். 1891ல் அப்பாவும் பிள்ளைகளும் மட்டும் இருக்கிறார்கள். 12 வயது மகள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். அம்மா இல்லை. இங்கிலாந்து முழுக்க அவர் பெயரைப் போட்டுத் தேடினாலும் பொருந்துகிற ஆள் வரவில்லை. 1901ல் கணவர் மனைவியை இழந்தவர் என்று இருக்கிறது. அவ்வளவுதான். ஓடிப்போனவள் என்ற பேச்சே உண்மையாக இருக்கும் போல என்று என் கணவர் சொன்னபோது அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த இடத்தில்தான் அந்த அம்மா வந்தார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. நூலகத்தில் வாரத்தில் ஒரு நாள், குடும்ப வரலாறு தேடி வருபவர்களுக்கு உதவ உட்காரும் தன்னார்வலர். எழுபதைத் தாண்டியவர். இளவயதில் பீங்கான் ஆலையில் வேலை பார்த்தவர். இந்த ஊர் வழக்கப்படி என்னை 'டக்' என்று செல்லமாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் நீட்டிய தாள்களில் மற்றவர்கள் தாண்டிப்போன ஓர் இடத்தில் விரலை வைத்தார். 1891ல் கணவரின் பெயருக்கு நேரே 'மணமானவர்' என்று இருந்தது. 'இந்த மனுஷன் தன்னை மனைவியை இழந்தவன் என்று சொல்லவில்லை பார்த்தாயா? அன்று ராத்திரி அவள் உயிரோடு எங்கேயோ இருந்திருக்கிறாள். எங்கே என்று இவருக்குத் தெரியும்' என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. பூச்சுத் தொட்டிப் பக்கம் வேலை செய்த பெண்களைக் காணவில்லை என்றால் முதலில் மருத்துவமனைகளிலும் ஏழைகள் விடுதிகளிலும் தேட வேண்டுமாம். அந்தக் காலத்துப் பூச்சில் ஈயம் இருந்தது. கையில் ஒட்டியது, தூசியாக மூச்சில் போனது, சாப்பிடும்போது வாய்க்குள் போனது. வயிற்றுவலி, மணிக்கட்டு செயலிழந்து தொங்குவது, கருக்கலைவது, வலிப்பு, பார்வை போவது, புத்தி பேதலிப்பது எல்லாம் அதனால் வந்தன. 1890களின் கடைசியில் இது பெரிய விவகாரமாகி, தார்ப், ஆலிவர் என்ற இரண்டு நிபுணர்கள் 1899ல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள். கொள்ளுப்பாட்டிக்கு அது மிகத் தாமதம்.

பெயரைப் போட்டுத் தேடினால் ஏன் கிடைக்கவில்லை என்பதையும் அந்த அம்மாதான் விளக்கினார். மனநோயாளர் விடுதிகளில் பல இடங்களில் நோயாளிகளின் பெயரை முழுசாக எழுத மாட்டார்கள். முதலெழுத்துகள் மட்டும்தான். குடும்பத்துக்கு அவமானம் வரக்கூடாது என்று நினைத்திருக்கலாம். ஆனால் ஒரு மனுஷியைப் பின்னாளில் யாருமே தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் அது செய்துவிட்டது.

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அவரே தன் வீட்டில் உட்கார்ந்து தேடியிருக்கிறார். முதலில் செல் என்ற இடத்தில் இருந்த ஏழைகள் விடுதி, பிறகு ஸ்டோக்கில் இருந்தது. 1891ல் இந்தப் பகுதி மனநோயாளர்கள் போகக்கூடிய கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) விடுதிகள் ஸ்டாஃபோர்டிலும் பர்ன்ட்வுட்டிலும் இருந்தன. செடில்டன் விடுதி 1899ல்தான் வந்தது. ஏடு ஏடாக, வெறும் எழுத்துகளையும் வயதையும் பிறந்த ஊரையும் பார்த்துக்கொண்டே போய், ஸ்டாஃபோர்டில் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு எழுத்துகள், 34 வயது, மணமானவர், பூச்சுத் தொட்டி உதவியாள், பிறந்தது டன்ஸ்டால்.

இதை எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். ஏட்டின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாலே நான் அவருக்குக் கடமைப்பட்டிருப்பேன். அவரோ பேருந்து பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய வரைபடத் தாள். அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை என்று பேச்சுவாக்கில் நான் சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு, அந்த ஏடு முழுவதையும் தடித்த கறுப்பு மையில், கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிய எழுத்தாகத் தன் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். கட்டம் போட்டு, தலைப்பு எழுதி, மூலத்தில் அடித்திருந்த இடத்தில் தானும் அடித்துக் காட்டி. ஆலையில் அவர் பீங்கானில் பூ வரைந்தவர். கை இன்னும் நடுங்கவில்லை.

அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு தானே படித்தார். நாங்கள் யாரும் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. நோய்வாய்ப்பட்ட பிறகு எல்லாவற்றையும் யாரோ ஒருவர் வாசித்துச் சொல்லித்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மாத்திரைச் சீட்டு, வாழ்த்து அட்டை, எல்லாமே. தன் கொள்ளுப்பாட்டியின் வரியை அவர் தன் கண்ணால், தன் வேகத்தில் படித்தார். விரலை வைத்து மறுபடி படித்தார். பிறகு 'பாட்டிக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்' என்றார். அந்த அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள். நானும்தான். பணம் கொடுக்கப் பார்த்த என் கணவரை அவர் முறைத்த முறைப்பில் அவர் பர்ஸை உள்ளே வைத்துவிட்டார்.

பிறகு ஸ்டாஃபோர்டு ஆவணக் காப்பகத்தில் விடுதியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தோம். முழுப் பெயர், பர்ஸ்லம் முகவரி, கணவர் பெயர் எல்லாம் பொருந்துகின்றன. 1890ல் சேர்த்திருக்கிறார்கள். 1895ல் அங்கேயே இறந்துவிட்டார். ஓடிப்போகவில்லை. ரயிலில் கொஞ்ச தூரத்தில், தன் பிள்ளைகள் இருந்த அதே கவுண்டியில்தான் ஐந்து வருஷம் இருந்திருக்கிறார்.

அந்தக் கணவரைப் பற்றி நான் நிறைய யோசிக்கிறேன். பிள்ளைகளிடம் அம்மா போய்விட்டாள் என்று சொன்னவர் அவராகத்தான் இருக்க வேண்டும். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மனநோயாளர் விடுதி என்று தெரிந்தால் அந்தப் பெண் குழந்தைகளுக்கு வேலையும் வரனும் அமைவது கஷ்டம் என்று பயந்திருப்பார். ஆனால் கணக்கெடுப்பவர் வந்து கேட்டபோது அவர் பொய் சொல்லவில்லை. மணமானவன் என்றார். நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த ஒரு சொல் அங்கே காத்துக் கிடந்திருக்கிறது. அத்தை அவரை மன்னித்துவிட்டார், நான் இன்னும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அம்மா எங்களுக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் எழுதியிருந்தால் போதும். ஏன் ஏடு முழுவதும் எழுதினீர்கள் என்று கேட்டேன். 'மற்றவர்களை விட்டுவிட மனசு வரவில்லை, டக்' என்றார். அதனால் அவர்களும் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுகிற 27 வயதுப் பெண். லீக் ஊரின் பட்டு ஆலையில் வேலை செய்த ஒருவர். ஸ்டாஃபோர்டில் செருப்புத் தைத்த ஒரு விதவை. எல்லாருக்கும் எழுத்துகள்தான், பெயர் இல்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் கண்டுபிடிப்பது என்று நான் முடிவு செய்திருக்கிறேன். சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது, இறப்புப் பதிவு இருக்கிறது, வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கினால் போதும். கண்டுபிடிக்கிற பெயர்களை நூலகத்தில் கொடுத்துவிடுவேன். அவர்களைத் தேடிக்கொண்டு யாராவது ஒரு பேத்தி வரக்கூடும். அந்த அம்மா தன் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

வருகிற ஞாயிறு மதியம் எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள். அத்தை கூப்பிடச் சொன்னார். அந்த அம்மாவும் வருகிறார், காரம் கொஞ்சம் குறைத்துச் சமைப்பேன். தூக்குச்சட்டிகள் நிறையச் சேர்ந்துவிட்டன, யாருடையது எது என்று தெரியவில்லை, வரும்போது அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறைந்த நன்றியுடன்,
உங்கள் ஸ்டோக் வீட்டிலிருந்து