கச்சான் காற்றும் என் பரீட்சையும்

கல்லடி, மட்டக்களப்பு
ஆகஸ்ட், ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்து இரண்டு கிழமையாகிறது. அக்கரைப்பற்றில் சிறுபோக வெள்ளாமை வெட்டி முடிந்ததா? நெல் என்ன விலை போகிறது என்று நீ எழுதவேயில்லை. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு நான்கு நாள் காய்ச்சல், இப்போது விட்டுவிட்டது.

விமானி லைசன்சுக்கான படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பிள்ளைகள் படுத்த பிறகு ஒன்பது மணிக்குப் புத்தகத்தை விரித்தால் பதினொன்றரை வரை படிக்கிறேன். விமானச் சட்டம் மனப்பாடம்தான். இரண்டு விமானங்கள் குறுக்கே நெருங்கி வந்தால், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காண்பவன் வழிவிட வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கில் விதிகள். வானொலிப் பேச்சில் ஒன்பதை ‘நைனர்’ என்றுதான் சொல்ல வேண்டும், இரைச்சலில் ஐந்தோடு குழம்பாமல் இருக்க. அவையெல்லாம் சரி, படித்தால் ஏறிவிடும். எனக்குப் பயமாக இருந்தது வானிலையும், திசையும் நேரமும் கணக்கிட்டுப் பறக்கிற வழிநடத்தலும்தான்.

அந்தப் பயத்தைப் போக்கியது, தென்மேற்கிலிருந்து மலை தாண்டி வருகிற நம் கச்சான் காற்று. போன மாதம் ஒரு மத்தியானம் முற்றத்தில் நின்றபோது அனல் முகத்தில் அடித்தது. அன்றிரவு புத்தகத்தில் மலையைத் தாண்டி வரும் காற்றைப் பற்றிய பக்கம் வந்தது. நம் ஊரையே போட்டுக் கணக்குச் செய்து பார்த்தேன். கொழும்புப் பக்கம் 30 பாகை (செல்சியஸ்) வெப்பத்தில் ஈரக்காற்று மலையேறுகிறது என்று வை. முகில் பிடிக்கும்வரை ஆயிரம் அடிக்கு 3 பாகை குளிரும். 2,000 அடியில் 24. அங்கே முகிலாகி மழை கொட்டத் தொடங்கினால், நீராவி நீராகும்போது வெளிவரும் வெப்பத்தால் குளிர்வது பாதியாகிறது, ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பாகை. 6,000 அடியில் 18. ஈரத்தை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, காய்ந்த காற்றாக நம் பக்கம் இறங்கும்போது மறுபடியும் ஆயிரத்துக்கு 3 பாகை சூடாகிறது. கடல் மட்டத்துக்கு வரும்போது 36! பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே இருந்தேன் மச்சான். அப்பப்பா “அங்கால மழை, இங்கால கச்சான்” என்று தோணிக்குப் போகும்போது சொல்வாரே, அதுதான் முழுப் பாடமும்.

அதற்குப் பிறகு எல்லாமே அந்தக் காற்றிலிருந்து பிடிபடத் தொடங்கின. விமானப் புத்தகங்களில் கடல் மட்டத்தின் நியம வெப்பம் 15 பாகை. நமக்கு 36 என்றால் 21 பாகை கூட. ஒரு பாகைக்கு 120 அடி என்று கணக்கிட்டால், வாவிக்கரையில் நிற்கிற விமானம் 2,500 அடி உயரத்தில் நிற்பதுபோல உணரும். காற்று ஐதாகிவிடுவதால் இறக்கையும் இயந்திரமும் சோர்ந்துபோகும், எழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும். நம் விமான நிலைய ஓடுபாதையின் முனைகளில் 06, 24 என்று இருப்பதையும் இப்போதுதான் யோசித்தேன். கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது, 24 என்பது 240 பாகைத் திசை, அதாவது தென்மேற்குப் பக்கம். அந்தப் பக்கம் நோக்கி எழும்பினால் நேர் எதிர்காற்று. வாடையையும் கொண்டலையும் வருகிற திசையை வைத்துத்தானே நம் ஆட்கள் பெயர் சொல்கிறார்கள், விமானிகளும் அப்படித்தான்.

பள்ளிக்கூடம் விட்டுக் கல்லடிப் பாலத்தில் வரும்போது கச்சான் முதுகில் தள்ள, பெடல் மிதிக்காமலே வருவோமே, நினைவிருக்கிறதா? கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்திலிருந்து நம் ஊருக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 120 கடல் மைல், கண்டிக்குச் சற்றுத் தெற்கால், மகியங்கனையைத் தொட்டு வருகிறது. 100 நொட் (மணிக்கு 100 கடல் மைல்) வேக விமானத்துக்குக் காற்றில்லாத நாளில் போகவர 2 மணி 24 நிமிடம். 20 நொட் கச்சான் பின்னால் தள்ளினால் வர ஒரு மணி, திரும்பிப் போக ஒன்றரை மணி. கூட்டிப் பார், ஆறு நிமிடம் அதிகம். வரும்போது கிடைத்த லாபம் போகும்போதைய நட்டத்தை ஈடுகட்டாது, ஏனென்றால் எதிர்காற்றுக்குள் நாம் நிற்கும் நேரமே கூட. எரிபொருளை இதை வைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

இந்த வயதில் ஏன் என்று உன் அம்மா கேட்டாராம். நம் வாவியையும் கடலையும் நடுவிலிருக்கிற மணல் திட்டையும் ஒரே பார்வையில் நானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பத்து வயதிலிருந்து ஆசை என்று சொல். பரீட்சை முடிந்தபின் இரத்மலானைக்குப் போய்க் குறைந்தது 40 மணி பறக்க வேண்டும். அதற்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிற மாதம் வானிலையும் வழிநடத்தலும் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை வந்து நில். உயர்தரத்துக்குப் படித்தபோது செய்ததுபோல நீ கேள்வியை வாசி, நான் பதில் சொல்கிறேன். கேள்விகள் இங்கிலீஷில்தான் இருக்கும். நான் தமிழில் விளக்குவேன், உனக்கு விளங்காத இடமெல்லாம் எனக்கும் சரியாக விளங்காத இடம் என்று குறித்துக்கொள்வேன். வரும்போது புது நெல் அரிசி கொஞ்சம் கொண்டுவா, அம்மா கேட்டார்.

அன்புடன்,
உன் மச்சான்