டிரைவர் சீட்டிலிருந்து எழுந்த ஆள் எங்கே?

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். டெக்சாஸின் டல்லாஸ்–ஹூஸ்டன் ரோட்டில் ஆளில்லாமல் லாரி ஓடுகிற வீடியோவை அனுப்பி, அதை ஓட்டும் அரோரா கம்பெனி ஷேரில் சேமிப்பைப் போடலாமா என்று கேட்டிருந்தாய். வீடியோவில் காலி சீட்டுதான் தெரியும். அதிலிருந்து எழுந்த ஆள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் பார்.

அமெரிக்க லாரித் தொழிலுக்கென்றே இருக்கும் ஆராய்ச்சி நிலையமான ஏ.டி.ஆர்.ஐ. 2023-க்குப் போட்ட கணக்கில், ஒரு மைல் ஓட்ட 2.27 டாலர் செலவு. அதில் டிரைவரின் சம்பளமும் சலுகைகளும் ஏறக்குறைய 97 சென்ட். டீசல்கூட 55 சென்ட்தான். இந்தக் கம்பெனிகள் எல்லாம் குறிவைப்பது அந்த 97 சென்ட்டை. அதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று உண்டு. அங்கே டிரைவர் 11 மணி நேரம் ஓட்டினால் 10 மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஃபோர்ட் வொர்த்திலிருந்து ஃபீனிக்ஸ் சுமார் 1,000 மைல். தனி ஆளால் ஒரே ஓட்டமாக முடியாது, இயந்திரத்தால் முடியும். டல்லாஸ்–ஹூஸ்டன் சுமார் 240 மைல்தான், ஒரு டிரைவரே அன்றைக்கே போய்த் திரும்பிவிடுவார். அதனால் அந்த ரூட்டை வைத்து மட்டும் ஷேருக்கு விலை சொல்லாதே. காலியாகத் திரும்பும் மைலுக்கு வாடகை கிடையாது என்பதில் நாமக்கல்லும் டெக்சாஸும் ஒன்றுதான். திரும்பி வர லோடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

இனி அந்த ஆளுக்கு வருகிறேன். தூரத்து அறையில் திரையைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பி ஓட்டுவது ஒரு முறை. ஸ்டார்ஸ்கி ரோபாட்டிக்ஸ் என்ற கம்பெனியின் லாரி 2019 ஜூனில் ஃபுளோரிடாவில் 9.4 மைல் தூரத்தை வண்டிக்குள் ஆளே இல்லாமல் கடந்தது. ஹைவேயில் வண்டி தானாக ஓடியது, ஹைவேயில் ஏற்றுவதும் இறக்குவதும் தூரத்து டிரைவர் வேலை. 2020-ல் பணம் கிடைக்காமல் கம்பெனியே மூடிவிட்டது. 65 மைல் வேகத்தில் வண்டி விநாடிக்கு 29 மீட்டர் போகும். வீடியோ 200 மில்லி விநாடி தாமதமானாலே 6 மீட்டர் போயிருக்கும். முழு லோடு வண்டி அந்த வேகத்தில் நிற்க சுமார் 160 மீட்டர் வேண்டும். நெட்வொர்க் ஒரு விநாடி உறைந்தால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போடு. அதனால்தான் தூரத்திலிருந்து ஓட்டுவது லாரி நிறுத்தும் யார்டுக்கும் சுரங்கத்துக்கும் மெதுவான வேகத்துக்கும் பொருந்துகிறது.

இரண்டாவது முறையில் ஓட்டுவது வண்டியே. குழம்பினால் மட்டும் ஆள் வழி சொல்வார். அரோரா செய்வது இது. இங்கேதான் ஆள் கணக்கு வருகிறது. ஒரு நாற்காலியில் இரவு பகல் ஆள் இருக்க வாரத்துக்கு 168 மணி நேரம். 40 மணி நேர வேலை என்றால் 4 பேருக்கு மேல், லீவு சேர்த்தால் 5 பேர். ஒரு நாற்காலி ஒரு லாரியைத்தான் பார்க்கும் என்றால் மிச்சம் எதுவும் இல்லை, செலவுதான் கூடும். பத்து லாரியைப் பார்த்தால் லாரிக்கு அரை ஆள், அப்போதுதான் தொழில் நிற்கும். கம்பெனி அந்த எண்ணை வெளியே சொல்கிறதா என்று தேடு.

தூரத்து ஆளால் செய்ய முடியாத வேலைகளும் உண்டு. டயர் வெடித்து ஓரம் கட்டினால் 10 நிமிடத்துக்குள் எச்சரிக்கை முக்கோணம் வைக்க வேண்டும் என்பது சட்டம். இறங்கி வைக்க யார் இருக்கிறார்கள்? பதிலுக்கு கேபின் மேல் மின்னும் விளக்கு போதும் என்று, ஆளில்லா வண்டிக் கம்பெனியான வேமோவும் அரோராவும் கேட்ட விலக்கை 2024 டிசம்பரில் அரசு மறுத்தது. 2025-ல்தான் அரோராவுக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. 2025-ல் ஆளில்லாமல் ஓட ஆரம்பித்த அரோரா, அந்த மே மாதத்திலேயே வண்டி தயாரிப்பாளர் பக்கார் கேட்டுக்கொண்டதால் மறுபடி ஒருவரை முன்சீட்டில் உட்கார வைத்தது. பிரேக், ஸ்டியரிங், மின்சாரம் எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு வண்டியிலேயே வர வேண்டும். அதனால் வண்டிக் கம்பெனி ஒத்துக்கொள்ளாமல் சாஃப்ட்வேர் கம்பெனி மட்டும் எதுவும் செய்ய முடியாது.

பாதுகாப்பு விஷயத்தில் டூசிம்பிள் என்ற ஆளில்லா லாரிக் கம்பெனியின் கதையைப் படி. 2022 ஏப்ரலில் அரிசோனாவின் டூசான் நகர் அருகே அதன் லாரி திடீரென இடப்பக்கம் வெட்டி கான்கிரீட் தடுப்பில் மோதியது. இரண்டரை நிமிடப் பழைய கட்டளையை அழிக்காமல் வைத்திருந்து நிறைவேற்றிவிட்டது. 2021-ல் ஷேர் 40 டாலருக்கு வந்த கம்பெனி 2024-ல் நாஸ்டாக் பங்குச்சந்தையை விட்டுப் போனபோது ஒரு டாலர்கூட இல்லை. எம்பார்க் என்ற இன்னொரு ஆளில்லா லாரிக் கம்பெனியும் அப்படித்தான். 2021-ல் 500 கோடி டாலர் மதிப்பு, 2023-ல் 7.1 கோடிக்கு விற்றுப்போனது.

எம்பார்க், அரோரா, இதே தொழிலில் உள்ள கோடியாக் மூன்றும் ஸ்பாக் வழியில் பங்குச்சந்தைக்கு வந்தவை. ஸ்பாக் என்ற வெற்றுக் கம்பெனி 10 டாலருக்கு ஷேர் விற்றுவிட்டு, பிறகு உண்மையான கம்பெனியோடு சேர்ந்துகொள்ளும். அமைப்பாளருக்குப் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு ஏறக்குறைய இலவசம். 11.50 டாலருக்கு ஷேர் வாங்கிக்கொள்ளும் உரிமையான வாரன்ட்டுகள் வேறு. சேரும் முன் 10 டாலரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகும் உரிமையும் உண்டு. பலர் போய்விட்டால், எதிர்பார்த்த ரொக்கம் கம்பெனிக்கு வராது.

எனவே காலாண்டு அறிக்கையில் முதலில் ரொக்கத்தைப் பார், அதை அந்தக் காலாண்டில் செலவான தொகையால் வகு. அரோராவின் வருமானம் 2025 இரண்டாம் காலாண்டில் 10 லட்சம் டாலர், செலவு அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். அடுத்து ஷேர் எண்ணிக்கை. ரொக்கம் தீரும்போதெல்லாம் புது ஷேர் விற்பார்கள், உன் பங்கு மெலியும். லாரி நன்றாக ஓடினாலும் இது நடக்கும்.

வீட்டு முன்பணத்தையும் ஆறு மாதச் செலவையும் தொடாதே. முழுதாகப் போனாலும் தூக்கம் கெடாத தொகையை இரண்டாகப் பிரி. முன்சீட்டில் கவனிப்பாளர்கூட இல்லாமல் நீண்ட ரூட்டில் வாடகை வண்டி ஓடிய பிறகு ஒரு பகுதியைப் போடு. பக்கார், வோல்வோ மாதிரி வண்டிக் கம்பெனி பதிவான ஆர்டரில் தயாரித்துக் கொடுத்த பிறகு இன்னொன்று. நஷ்டமானால் சம்பள வருமானத்தில் ஆண்டுக்கு 3,000 டாலர் வரைதான் கழிக்க முடியும், மீதி அடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளும்.

அடுத்த அறிக்கை வந்ததும் ரொக்கம் உள்ள பக்கத்தையும் ஷேர் எண்ணிக்கை உள்ள பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் சேர்ந்து வகுத்துப் பார்க்கலாம். வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள், சாமி.

அன்புடன்,
அம்மா