டவர் இருந்தது, நெட் இல்லை

மதுரை
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது சித்திரைத் திருவிழா சமயத்தில். இப்போது ஆடி பிறந்துவிட்டது. பதில் எழுதாதது என் தப்புதான். ஊருக்குப் போய் வந்த அலுப்பு, அப்புறம் இவருடைய கண் ஆபரேஷன், அப்படியே நாள் ஓடிவிட்டது. நாங்கள் நலம். சின்னவள் பிரான்ஸில், ஸ்ட்ராஸ்பர்கில் நன்றாக இருக்கிறாள், கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். உன் முழங்கால் எப்படி? டாக்டர் சொன்ன பயிற்சியை நீ செய்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

நேற்று சரோஜா போன் செய்தாள். அடுத்த மாதம் நீயும் அண்ணனும் ஜெனீவா போகிறீர்களாமே! எனக்கு ஒரு வார்த்தை சொன்னாயா? சரி, அந்தச் சண்டையை நேரில் போட்டுக்கொள்ளலாம். பையனுக்கு வேலை ஜெனீவாவில், வீடு எடுத்திருப்பது எல்லை தாண்டி பிரான்ஸ் பக்கம் என்று அவள் சொன்னதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நீயும் என்னைப்போலப் பயண இ-சிம்தான் வாங்குவாய், கார்டாகச் சொருகாமல் போனிலேயே ஏற்றிக்கொள்கிற சிம். நான் பட்ட பாட்டைப் படித்துவிட்டு வாங்கு. அதற்காகத்தான் இந்த ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்னவளைப் பார்க்கப் போய் நாங்கள் பாரிஸில் இறங்கியபோது காலை ஏழு மணி. இ-சிம்மை இங்கே வீட்டு வை-ஃபையிலேயே போனில் ஏற்றி வைத்திருந்தேன். ஃப்ளைட் மோடை எடுத்ததும் டவர் முழுசாக வந்துவிட்டது. ஆனால் வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "இறங்கிவிட்டோம்" என்று சின்னவளுக்கு ஒரு வரி போகவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நம் மூன்றாம் போர்டு ஞாபகம் இருக்கிறதா? இணைப்பு வயரைச் சொருகினால் விளக்கு எரியும், மணி போகும், அந்தப் பக்கம் யாரும் எடுக்க மாட்டார்கள். அதே கதை. டவர் தெரிகிறது என்றால், பக்கத்துக் கோபுரத்துக்கு நம் போனைத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து இணையத்துக்கு வழி திறந்திருக்கிறதா என்பது வேறு சங்கதி. முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம், இது நமக்குப் புரியாதா?

முதல் பூட்டு ரோமிங், அதாவது நம் சிம் வேறொரு கம்பெனியின் டவரில் ஓடுவது. சரோஜாவின் கொழுந்தனாருக்குத் துபாயிலிருந்து வந்த பில்லை நீயும் நானும் சாகும்வரை மறக்க மாட்டோம். அந்தப் பயத்தில் போனில் ரோமிங் என்று எங்கெங்கே இருந்ததோ எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தேன். ஆனால் பயண இ-சிம் பிரான்ஸ்காரர்களின் சிம் இல்லை மீனா. பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு நாட்டுக் கம்பெனியின் சிம் அது. பிரான்ஸில் அதுவும் நம்மைப்போல விருந்தாளிதான். அதற்கு டேட்டா ரோமிங்கைத் திறந்துவிடாவிட்டால் ஒரு துளி டேட்டா வராது. நாம் முன்பணம் கட்டிய அளவுக்குமேல் அது போகாது என்பதால் பில் பயமும் இல்லை. பூட்டி வைக்க வேண்டியது நம்ம ஊர் சிம்மின் ரோமிங்கை. ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாக அந்தப் பொத்தான் இருக்கிறது. செட்டிங்ஸில் சிம் பெயரைத் தொட்டு உள்ளே போனால் தெரியும். டேட்டாவுக்கு எந்த சிம் என்று கேட்கும் இடத்திலும் இ-சிம்மையே வை. ஒன்று சரியில்லை என்றால் மற்றதுக்குத் தானாக மாறிக்கொள் என்று ஒரு வசதி இருக்கும், அதை அணைத்துவிடு. இல்லாவிட்டால் சத்தமில்லாமல் நம்ம ஊர் சிம்முக்குத் தாவிவிடும்.

அதைத் திறந்தும் நெட் வரவில்லை. இவர் பக்கத்தில் நின்று "கவுண்டரில் கேள், கவுண்டரில் கேள்" என்கிறார். கவுண்டரில் இருந்த பையன் நல்லவன்தான், கையில் வாங்கிப் பார்த்தான், "அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்" என்றான். என் விரல் அந்தப் பொத்தான்மேல் போய்விட்டது. ஏதோ தோன்றி நிறுத்திக்கொண்டேன். அன்றைக்கு அழித்திருந்தால் தீர்ந்தது. இ-சிம்மைப் போனில் ஏற்றக் கம்பெனி அனுப்பும் கியூஆர் குறியீடு பெரும்பாலும் ஒரு தடவைதான் வேலை செய்யும். அழித்தபின் அதே குறியீட்டைக் காட்டினால் "ஏற்கெனவே பயன்படுத்தியாகிவிட்டது" என்று கைவிரித்துவிடும். கம்பெனி புதுசு கொடுத்தால் உண்டு. நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய் என்று யாராவது சொன்னாலும் அவசரப்படாதே. சில ஆண்ட்ராய்டு போன்களில் அந்தப் பக்கத்திலேயே இ-சிம்களையும் அழிக்கட்டுமா என்று ஒரு கட்டம் இருக்கிறது. பதற்றத்தில் கண்ணுக்குத் தெரியாது.

கோளாறு ஏபிஎன்னில் இருந்தது. நம் காலத்தில் வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டால் எந்த ரூட் வழியாக அனுப்ப வேண்டும் என்று பார்ப்போமே, ஏபிஎன் அதுபோல. எந்த வாசல் வழியாக இணையத்துக்குப் போவது என்று போனுக்குச் சொல்லும் பெயர். சில இ-சிம்களில் தானாகவே வந்துவிடும், சிலவற்றில் நாமே அடிக்க வேண்டும். கம்பெனி அனுப்பிய மெயிலில் அந்தப் பெயர் இருந்தது. மெயிலைப் பார்க்க நெட் வேண்டும், நெட் வர மெயில் வேண்டும்! நல்லவேளை, ஏர்போர்ட் வை-ஃபை கிடைத்தது. நீ இங்கேயே ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள். அடித்துச் சேமித்தேன், அப்போதும் வரவில்லை. சேமித்தால் மட்டும் போதாது, திரும்ப அந்தப் பட்டியலுக்கு வந்து அதன் பக்கத்து வட்டத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரை மணி கழித்துத்தான் கண்டுபிடித்தேன். தொட்டேன், ஃப்ளைட் மோடைப் போட்டு அரை நிமிஷம் விட்டு எடுத்தேன். சின்னவளின் செய்திகள் மடமடவென்று கொட்டின. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு வேடிக்கை கேள். ரயிலில் உட்கார்ந்து கூகுளைத் திறந்தால் அது போலந்து மொழியில் வருகிறது. என் டேட்டா பாரிஸிலிருந்து கம்பெனியின் நாட்டுக்குப் போய், அங்கே வாசலைத் தாண்டி, திரும்பி வருகிறது. பக்கத்து ஊருக்குப் போடும் காலையும் நாம் எங்கெங்கோ சுற்றி அனுப்பியிருக்கிறோமே! எனக்கு ஏக சந்தோஷம். சின்னவளிடம் சொன்னால், "இதில் சந்தோஷப்பட என்னம்மா இருக்கிறது" என்கிறாள். உனக்குப் புரியும்.

பத்து நாள் ஒரு குறையும் இல்லை. ஸ்ட்ராஸ்பர்கிலிருந்து டி டிராம் ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியில் கேல் என்ற ஊர் வரை போகிறது. பாலத்தின் நடுவில் போனில் நெட்வொர்க் பெயர் மாறியது, நெட் மாறவில்லை. ஐரோப்பா என்றால் எல்லாம் ஒரே வீடு என்று நம்பிவிட்டேன்.

அப்புறம் பாசெல் போனோம். ஸ்ட்ராஸ்பர்கிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கோல்மார், முலூஸ் எல்லாம் தாண்டி, சான் லூயி முடிந்ததும் சுவிட்சர்லாந்து. பாசெல் ஸ்டேஷனில் பிரான்ஸ் ரயில்களுக்குத் தனிப் பகுதி. அங்கிருந்து ஒரு நடைபாதை வழியாகப் பெரிய ஹாலுக்கு வர வேண்டும். இவர் போனில் இ-சிம் வசதி கிடையாது, என் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தார். இறங்கியதும் சாப்பிட்டுவிடலாம் என்று ரயிலிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டார். "தண்ணீர் வாங்கி வருகிறேன்" என்று திரும்பினார். பின்னாலேயே வந்துவிடுவார் என்று நான் கூட்டத்தோடு ஹாலுக்கு வந்துவிட்டேன். சாப்பாட்டுப் பை என் கையில்.

பிளாட்பாரத்தில் நிற்கும்வரை மெல்லிசாக ஒரு பிரெஞ்சு டவர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹாலுக்கு வந்ததும் "சேவை இல்லை". அவரிடமும் ஒன்றும் இல்லை. இ-சிம்மில் எண் கிடையாது, வெறும் டேட்டா. நம்ம ஊர் சிம்மைப் பில் பயத்தில் அடியோடு அணைத்து வைத்திருந்தேன். ஸ்டேஷன் வை-ஃபையில் சேரலாம் என்றால், மொபைல் எண் கொடு, எஸ்எம்எஸ்ஸில் குறியீடு வரும் என்றது. எந்த எண்ணில் வரும்? நம்ம ஊர் சிம்மைப் போட்டுப் பார்த்தேன். ஊரிலேயே வெளிநாட்டு ரோமிங்கைத் திறந்து வைக்காததால் அது எந்த டவரிலும் சேரவில்லை.

நாற்பது நிமிஷம் மீனா. ஊசி போட்ட மனுஷன் சாப்பிடாமல் எங்கேயோ இருக்கிறார். மயங்கி விழுந்தால் யாருக்கு என்ன தெரியும்? ஹாலை நான்கு தடவை சுற்றினேன். கால் நடுங்கியது. அப்புறம் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது நினைவுக்கு வந்தது: தொலைந்தால், கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நில். திரும்பி நடைபாதை வழியாக ஓடினேன். நாங்கள் இறங்கிய அதே பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பையில் இருந்த கல்கண்டை முதலில் வாயில் போட்டேன். "நீ வருவாய் என்று தெரியும்" என்றார். இத்தனை வருஷத்தில் அவரை அப்படி ஒரு நாளும் நான் கட்டிக்கொண்டதில்லை, நடு பிளாட்பாரத்தில்.

காபிக் கடை ஒன்றில் வை-ஃபை இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் பிளானைத் திறந்து பார்த்தேன். "ஐரோப்பா" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே நாடுகளின் பட்டியலில் சுவிட்சர்லாந்து இல்லை. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் கிடையாது. 2017 ஜூனிலிருந்து யூனியன் நாடுகளுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டமும் அங்கே செல்லாது. சில கம்பெனிகள் தாங்களாகவே சேர்த்துக் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. எனக்குக் கொடுத்தவர்கள் இதை முகப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அங்கேயே சுவிட்சர்லாந்துக்கு மட்டும் சின்ன பிளான் ஒன்று வாங்கினேன். கியூஆர் என் போனிலேயே இருந்தால் எதால் படம் பிடிப்பது? இவர் போனில் மெயிலைத் திறந்து திரையைக் காட்டச் சொல்லி, என் போனால் பிடித்தேன்.

இப்போது உன் விஷயம். உனக்கு வீடு பிரான்ஸில், பையன் ஆபீஸ் ஜெனீவாவில். தினமும் எல்லை தாண்டுவாய். பட்டியலில் இரண்டு நாட்டுப் பெயரும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதே. எல்லைக்கு ஒட்டிய வீட்டில் போன் சுவிஸ் டவரையும் பிடிக்கும். ஒரே இடத்தில் டவர் இருந்தும் நெட் நின்று நின்று வந்தால், நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து, பட்டியலில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார். பிரான்ஸில் ஆரஞ்ச், எஸ்எஃப்ஆர், புய்க், ஃப்ரீ என்று வரும், சுவிட்சர்லாந்தில் சுவிஸ்காம், சன்ரைஸ், சால்ட். உன் கம்பெனி யாரோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறதோ அதில்தான் ஓடும். ஆனால் எல்லை தாண்டும்போது திரும்பத் தானியங்கிக்கு மாற்ற மறந்தால், பழைய நெட்வொர்க்கையே தேடிக்கொண்டு போன் செத்துக் கிடக்கும்.

அண்ணனுக்கும் தனியாக ஒன்று வாங்கு. என் ஹாட்ஸ்பாட் போதும் என்று மட்டும் நினைத்துவிடாதே. அவர் போனில் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அடித்துப் பார். ஈஐடி என்று ஒரு நீள எண் வந்தால் இ-சிம் போடலாம். வராவிட்டால் ஜெனீவாவில் பையனை விட்டு ஒரு சாதா சிம் வாங்கித் தரச் சொல். நம்ம ஊர் சிம்மில் வெளிநாட்டு ரோமிங்கை இங்கேயே திறந்து, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வை. பேங்க் ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். பையன் எண்ணையும் வீட்டு முகவரியையும் ஒரு சீட்டில் எழுதி அண்ணன் சட்டைப் பையில் போடு. அவர் "எனக்கு எதற்கு" என்பார். போடு.

கறிவேப்பிலைப் பொடியும் நார்த்தங்காயும் சரோஜா கையில் கொடுத்தனுப்புகிறேன், பையனுக்கு. எந்தக் கம்பெனி, என்ன பிளான் என்று பார்த்ததும் நாடுகள் பட்டியலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் ஒரு தடவை பார்த்துச் சொன்னபின் பணம் கட்டு. போனில் கூப்பிட்டாலும் சரி. அந்தக் கால ட்ரங்க் கால் மாதிரி மூன்று நிமிஷம் ஆனதும் நான் குறுக்கே வர மாட்டேன்.

உன்,
கமலா