வீட்டை விற்காதே, ஏழுமலை

அன்புள்ள ஏழுமலைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பெண் குழந்தை. இந்த வேலூர் பாகாயம் பக்கம் மரங்கள் இருந்தும் வெயில் ஆளை உருக்குகிறது. அதெல்லாம் இருக்கட்டும், தண்டுவடத்தில் அடிபட்டுக் கால் அசையாமல் கிடக்கும் உன் மகன் தினேஷ் விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டை விற்று அந்த ஸ்டெம் செல் ஊசியை, அதாவது வேறு வகை செல்லாக மாறக்கூடிய செல்லை உடம்பில் ஏற்றும் ஊசியை, அவனுக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையிலும், அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன். நம்பிக்கையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

தண்டுவடத்தில் அடிபட்டால் அந்த இடத்தில் உள்ள சில நரம்பு செல்கள் செத்துப்போகும். ஆனால் காலை அசைக்கச் சொல்லும் செல்கள் பல மூளையில் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றிலிருந்து கீழே வரும் நீளமான இழைதான் அறுந்துவிடுகிறது. தறியில் பாவு இழை அறுந்தால் நீ எந்த நுனி எதனோடு சேர வேண்டும் என்று பார்த்து முடிச்சுப் போடுகிறாயே, அந்த வேலையை உடம்பு தானாகச் செய்ய வேண்டும். கையிலோ காலிலோ நரம்பு அறுந்தால் ஓரளவு செய்கிறது, நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்கிறது. தண்டுவடத்தில் மட்டும் செய்வதில்லை.

ரொம்ப காலம், அந்த இழைகளுக்கு வளரும் சக்தியே கிடையாது என்றுதான் நினைத்தார்கள். 1981-ல் கனடாவின் மாண்ட்ரியலில் அகுவாயோ என்பவரின் குழு, எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்துத் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ஒட்டவைத்தது. வளராது என்று சொன்ன இழைகள் அந்தத் துண்டுக்குள் நுழைந்து சில சென்டிமீட்டர் வளர்ந்தன. செல்லுக்குச் சக்தி இருக்கிறது, சுற்றியுள்ள இடம்தான் விடவில்லை என்பது அப்போது தெரிந்தது. அப்புறம் சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப், இழையைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதம் இருப்பதைக் காட்டினார். அதற்கு நோகோ என்று பெயர். அடிபட்ட இடத்தில் உருவாகும் தழும்பும் தடுக்கிறது. வயது ஏறும்போது செல்லும் தன் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. தடை ஒன்றல்ல, பல. அதனால்தான் ஒரே ஊசியில் சரியாகும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது.

நோகோவை அடக்கும் மருந்தை மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு, விபத்து நடந்த சில வாரங்களுக்குள். மொத்தமாகப் பார்த்தால் கையின் பலத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆனால் இணைப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தவர்களிடம் முன்னேற்றத்தின் அறிகுறி தெரிந்தது. இதைப் படித்ததும் எனக்குத் தினேஷ் ஞாபகம்தான் வந்தது. இடது கால் கட்டைவிரலைத் தொட்டால் லேசாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அது சின்ன விஷயமில்லை. டாக்டரிடம் அதை அவசியம் சொல். இழைகள் கொஞ்சமாவது தப்பியிருந்தால், அவை கிளைவிட்டுப் பக்கத்துச் செல்களோடு புது இணைப்பு போட்டுக்கொள்ளும். அதை ஊக்குவிக்க இன்றைக்கு நம் கையில் இருப்பது விடாத பயிற்சிதான்.

நீ வீடியோவில் பார்த்த, தண்டுவடத்தில் அடிபட்ட போலந்துக்காரர் டாரெக் ஃபிடிகா கதையும் அப்படித்தான். 2012-ல் அவர் மூளையின் முகர்தல் பகுதியிலிருந்து செல்களை எடுத்து வளர்த்து, கணுக்கால் நரம்புத் துண்டுகளோடு தண்டுவடத்தில் வைத்தார்கள். பிறகு நடைச்சட்டம் பிடித்து நடந்தார். உண்மைதான். ஆனால் அது ஒரே ஒருவர். அறுவைக்கு முன்னும் பின்னும் அவர் நாளுக்குப் பல மணி நேரம் பயிற்சி செய்தார் என்பதை அந்த வீடியோ சொல்லியிருக்காது.

உன்னிடம் லட்சக்கணக்கில் கேட்கிற அந்த இடத்தைப் பற்றி: மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்த சம்பந்தமான சில நோய்களுக்குத்தான் ஸ்டெம் செல் ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை. மற்றதெல்லாம் அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே நடக்கலாம். சோதனை என்றால் நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது. கடன்பட்டு, கிடப்பவனைத் தூக்கிக்கொண்டு அலைந்து, முதுகில் ஊசி குத்தி, கடைசியில் கிருமி தொற்றினால் யாரைப் போய்க் கேட்பாய்?

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தங்கச்சி சாந்தியிடமும் படித்துக்காட்டு. படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள், ராத்திரியிலும். காலையும் மாலையும் இடுப்புக்குக் கீழே வால் எலும்பு, குதிகால் எல்லாம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு வெளுக்காமல் இருந்தால் அங்கே புண் வரப்போகிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் பாரம் படவே கூடாது. தினேஷ் கண்ணாடி பிடித்துத் தானே பார்க்கப் பழகட்டும், கைதான் நன்றாக இருக்கிறதே. சிறுநீர் டியூபை நிரந்தரமாக விடாமல், நேரம் பார்த்துத் தானே போட்டு எடுக்க டாக்டரிடம் கற்றுக்கொள்ளட்டும். முட்டி, கணுக்கால் மூட்டுகளைத் தினமும் அசைத்துவிடுங்கள். இழை வளர்க்கும் மருந்து நாளைக்கே வந்தாலும், மூட்டு இறுகி, புண் பிடித்து, கிட்னி கெட்ட உடம்பில் அதைப் போட முடியாது.

அவன் யாரோடும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கவலை. டாக்டர் மேரி வர்கீஸ் பற்றி அவனுக்குச் சொல். வேலூர் சி.எம்.சி.யில் இளம் டாக்டராக இருந்தபோது 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் இங்கே பாகாயத்தில் அதற்கென்றே ஒரு நிலையம் வந்தது, இன்று அவர் பெயரில் நடக்கிறது. என் வீட்டுக்கு ரொம்பப் பக்கம். தினேஷ் வயதுப் பையன்கள் அங்கே சக்கர நாற்காலியில் போவதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களோடு அவன் பேச வேண்டும். நாம் நூறு சொன்னாலும் அவர்கள் ஒன்று சொல்வதற்கு ஈடாகாது.

அதனால் அவனை இங்கே கூட்டிக்கொண்டு வா. எம்.ஆர்.ஐ. பிலிம், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள். ஆரணியிலிருந்து பஸ் வேண்டாம், வேன் பேசு; வாடகையில் பாதி என்னுடையது, மறுக்காதே. கீழ் அறையைக் காலி செய்துவிட்டேன், வாசல்படியில் சாய்தளம் போட மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். டாக்டரைப் பார்க்க நானே பதிவு செய்துவைக்கிறேன், என்றைக்கு வருகிறீர்கள் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
கோவிந்தராஜ்