வரலாற்று மன்ற ஆண்டறிக்கை: தரங்கம்பாடிக்கென்று ஓர் ஆண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி இந்த ஆண்டு முழுக்கத் தரங்கம்பாடியையே எடுத்துக்கொண்டோம். மாதக் கூட்டங்கள் நடந்தன. ஐப்பசிக் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

முதல் கூட்டம் 1620-ஆம் ஆண்டு ஒப்பந்தம் பற்றியது. தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அனுப்பிய பொன்னோலை இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அதன் படத்தைத் திரையில் போட்டதும் பின்வரிசையில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து கிட்ட நின்று பார்த்தார்கள். மிளகு வாங்க வந்த டேனியர்களுக்குத் தரங்கம்பாடிக் கரையில் இடமும் கோட்டை கட்ட அனுமதியும் அப்படித்தான் கிடைத்தன.

விவாதம் சூடுபிடித்தது கோட்டையின் டேனிஷ் தளபதி எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே பற்றிய கூட்டத்தில்தான். 1650-இல் டேனிஷ் கம்பெனியே கலைந்துவிட்டது. அதற்கு முன்பிருந்தே பல ஆண்டுகள் தாயகத்திலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. 1655-இல் டேனியர்களில் எஞ்சியவர் படிப்பில்லாத இந்த எளிய மனிதர் ஒருவர்தான். வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, 1669-இல் கப்பல் வரும்வரை தாக்குப்பிடித்தார். அவரை வீரர் என்று சிலர் புகழ்ந்தார்கள். சரி, உறுதியானவர்தான். ஆனால் சரக்கை இழந்த வணிகர்களின் பக்கமிருந்து பார்த்தால் அது கொள்ளை. அறிக்கையில் அப்படியே பதிவு செய்கிறேன்.

தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குக்கும் அவருடைய தமிழ் அச்சுக்கூடத்துக்கும் ஒரே கூட்டம். அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசப்படுகிறது.

மாசியில் பயணம் போனோம். ஆக்கூர் அருகே வேன் பஞ்சராகி ஒரு மணி நேரம் போனது. அப்புறம் டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை, 1792-இல் கட்டிய நகர வாயில், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில். கோட்டைக் கிடங்கின் உப்புப் பூத்த செங்கல்லை ஒரு மாணவி விரலால் தொட்டாள், பொடியாக உதிர்ந்தது.

1845-இல் இந்த ஊரையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். மனையை விற்பதுபோலக் குடியிருந்தவர்களோடு சேர்த்து விற்றார்கள் என்பது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

வரும் ஆண்டு பொறையாறு, தரங்கம்பாடி வீடுகளில் உள்ள பழைய பத்திரங்களைத் திரட்டப் போகிறோம். உங்கள் உறவினரிடம் இருந்தால் அசலை வாங்க வேண்டாம். கைப்பேசியில் படமெடுத்துச் சித்திரைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்