பிராக் பயணம்: சனி, ஞாயிறு திட்டம்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளி மாலை பெர்லினில் ரயில் ஏறினால் இரவு பிராக். கையில் இருப்பது இரண்டு பகல்தான். யூதர் பகுதியில் உள்ள அருங்காட்சியகத் தொழுகைக்கூடங்கள் சனிக்கிழமை மூடியிருக்கும். கோட்டைக்குள் உள்ள புனித வைடஸ் பேராலயத்திலோ ஞாயிறு காலை திருப்பலி. மதியம் வரை சுற்றிப் பார்க்க முடியாது. அதனால் சனி கோட்டை, ஞாயிறு காலை யூதர் பகுதி. தயவுசெய்து இதை மாற்றச் சொல்லாதீர்கள்.

சனி விடிந்ததும் முதலில் சார்லஸ் பாலம். 1357இல் அடிக்கல் நாட்டியது. வெயில் ஏறினால் கூட்டத்தில் சிலைகளை நின்று பார்க்கவே முடியாது. அப்புறம் 22ஆம் எண் டிராமில் கோட்டைக்கு. ஏறியதும் காகித டிக்கெட்டை மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை போட்டுக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத டிக்கெட்டுக்கும் அபராதம் உண்டு.

ஞாயிறு பின்காஸ் தொழுகைக்கூடத்துக்கு நிதானமாக நேரம் ஒதுக்க வேண்டும். நாஜிகளால் உயிரிழந்த பொஹிமிய, மொராவிய (இன்றைய செக் நாட்டுப் பகுதிகள்) யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களை அதன் சுவர்களில் கையாலேயே எழுதியிருக்கிறார்கள், ஊர் வாரியாக, பிறந்த தேதியோடு. மாடியில், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த தெரெசியன்ஸ்டாட் முகாமில் குழந்தைகள் வரைந்த படங்கள். அங்கே செல்பி வேண்டாம்.

செலவுக்கு செக் கொருனா வேண்டும். தெருவில் பணம் மாற்றித் தருகிறேன் என்று வருபவர்களை நம்ப வேண்டாம், வங்கி ஏடிஎம்மில் எடுங்கள். வீதிகளெல்லாம் கல் பாவியவை, நல்ல ஷூ அவசியம். பாஸ்போர்ட், வசிப்பிட அட்டை இரண்டும் கையில் இருக்கட்டும். வருகிறவர்கள் புதன் இரவுக்குள் பெயர் சொல்லிவிடுங்கள், ரயில் டிக்கெட் எடுத்துவிடலாம்.