கணிதப் பிரிவை மூடாதீர்கள், ஐயா

எங்கள் ஏற்காட்டு மலைப் பள்ளியின் தலைமையாசிரியர் அவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்களுக்கும் வணக்கம்.

நான் இதே பள்ளியில் படித்தவன். இப்போது சேலத்தில் மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். போன திங்கட்கிழமை என் அக்கா, காப்பித் தோட்டத்தில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, மகளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தார். பத்தாம் வகுப்புக் கணக்கில் 91 எடுத்த பெண். "கம்ப்யூட்டர் படிக்கத்தானே ஆசை? அதற்குக் கணக்கு எதற்கு? வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் எடுக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினீர்கள்.

கணித ஆசிரியர் இடம் எவ்வளவு நாளாகக் காலி என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பிரிவையே மூடப் பார்க்கிறீர்கள். ஆசிரியர் இல்லை என்றே சொல்லியிருக்கலாம். கணக்கே தேவையில்லை என்று ஒரு பிள்ளையிடம் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் மதிப்பெண் 200 என்றால் அதில் 100 கணிதத்துக்கு. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்துதான் மீதி 100. கணக்கை விட்டால் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியை வெளியில் நின்று பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

வேலையிலும் அப்படித்தான். நான் தினமும் தொகையிடல் (இன்டெக்ரேஷன்) போடுவதில்லை, அது உண்மை. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் வரும் கணங்கள் (செட்), சார்புகள் (ஃபங்ஷன்), மடக்கை (லாகரிதம்), நிகழ்தகவு இல்லாமல் ஒரு வாரம் ஓட்ட முடியாது. அகரவரிசையில் ஆயிரம் பெயர்கள் இருந்தால், ஒவ்வொரு முறையும் பாதியைத் தள்ளிவிட்டு, பத்துத் தடவைக்குள் வேண்டிய பெயரைப் பிடித்துவிடலாம். ஆயிரத்தை எத்தனை தடவை பாதியாக்கினால் ஒன்றுக்கு வரும் என்பதுதான் மடக்கைக் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பின் கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதத்தில் வரும், ஒரு கூற்று எப்போது உண்மை, எப்போது பொய் என்று காட்டும் மெய் அட்டவணைதான் நிரலில் நாங்கள் எழுதும் ஒவ்வொரு நிபந்தனைக்கும் அடிப்படை. கடைசிப் பாடம் என்பதால் நான் படித்த ஆண்டில் அதை நடத்தவே இல்லை. கல்லூரியில் முதல் பருவம் முழுக்கத் திணறினேன்.

"சேலம் போய்ப் படிக்கட்டும்" என்றும் சொன்னீர்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண் அப்படிப் போனாள். இருட்டோடு கிளம்பி ஏற்காட்டில் பஸ் மாற வேண்டும். அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. பனிக்காலத்தில் பஸ் ஊர்ந்துதான் இறங்கும். தினமும் வாந்தி வரும் என்பதால் காலையில் சாப்பிடவே மாட்டாள். வெறும் வயிற்றோடு முதல் வகுப்பு, அதுவும் கணக்கு. திரும்பி வந்து சேர இரவாகிவிடும். அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம் அவள் பள்ளிக்கே போகவில்லை. இப்போது தோட்டத்தில் கூலி வேலை செய்கிறாள்.

கோடை விழா வந்தால் இந்த மலைக்கு எத்தனை அதிகாரிகள் ஏறி வருகிறார்கள்! ஒரு கணக்கு ஆசிரியர் மட்டும் ஏறி வர முடியவில்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது ஒன்றுதான். கணிதம், கணினி அறிவியல் உள்ள பிரிவை இந்த ஆண்டு மூடாதீர்கள். மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை எடுக்க அரசு 2022லேயே வழி செய்தது. அந்தத் தீர்மானத்தைப் போடுங்கள். ஆசிரியர் வரும்வரை சனிக்கிழமைகளில் நான் வந்து பாடம் எடுக்கிறேன், பணம் வேண்டாம்.

வியாழக்கிழமை அக்கா மறுபடி வருவார். விண்ணப்பத்தில் கணிதம் என்றுதான் எழுதியிருக்கும். தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள், ஐயா.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்